சர்வர் உங்களை யாரென்று நினைக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

டொமைன் அக்கவுன்டில் (அலுவலகக் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான அக்கவுன்ட்) டேட்டாபேஸுக்குள் நுழைய முடியாமல் தவிப்பவர்கள் எழுதுங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்ததில் பெரும்பகுதி மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வரும், அந்த அக்கவுன்டுகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியும் சேர்ந்து படுத்தும் பாடு, ஒன்று மட்டும் போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ். எல்லாக் கடிதத்திலும் திரையில் வந்த வாசகத்தை எழுதியிருக்கிறீர்கள். சர்வர் தானே எழுதிவைக்கும் குறிப்பேட்டில், அதாவது லாகில், என்ன இருந்தது என்று ஒரே ஒருவர்தான் எழுதியிருக்கிறார். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் நூற்பாலையில் கணக்குப் பிரிவுக்குப் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறார். எஸ்க்யூஎல் சர்வரில் நுழையப் போனால் 18456 (லாகின் தோல்வி), ஸ்டேட் 1 என்று வருகிறது. பாஸ்வேர்டு சரிதான், அதே அக்கவுன்டில் கம்ப்யூட்டர் திறக்கிறது, மெயில் வருகிறது. காலையில் கணக்குப் பிரிவு குரூப்பிலும் சேர்த்துவிட்டேன். மேலாளர் அவசரப்படுத்துகிறார், தற்காலிகமாக சிஸ்அட்மின் (சர்வரில் முழு அதிகாரம்) கொடுத்துவிடட்டுமா? – வாசகர், கோவை

கொடுக்காதீர்கள். தற்காலிகம் என்று கொடுத்த சிஸ்அட்மினை யாரும் திரும்ப எடுத்து நான் பார்த்ததில்லை, நாலு வருஷம் கழித்து ஆடிட்டர்தான் கண்டுபிடிப்பார்.

அந்த ஸ்டேட் 1 என்பதை முதலில் மறந்துவிடுங்கள். யார் தட்டினாலும், என்ன காரணமானாலும் வெளியே நிற்பவருக்கு சர்வர் 1 என்றுதான் சொல்லும், வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். பெயர் தப்பா பாஸ்வேர்டு தப்பா என்று வெளியாளுக்குச் சொல்லிவிட்டால் திருட வருபவனுக்குப் பாதி வேலை முடிந்துவிடுமே. உண்மையான எண் சர்வரின் எரர் லாகில் இருக்கிறது. மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் மேனேஜ்மென்ட் என்பதன் கீழே எஸ்க்யூஎல் சர்வர் லாக்ஸ் என்று இருக்கும், அதைத் திறந்து அந்தப் பெண் முயன்ற நேரத்தைப் பாருங்கள். 18456 என்ற வரி, அதன் கீழே யார், எந்த ஐபி முகவரியிலிருந்து, என்ன காரணம் என்று ஒரு வரி.

ஸ்டேட் 5 என்றால் இந்தப் பெயருக்குப் பொருந்தும் லாகின் என்னிடம் இல்லை என்று பொருள். 11 அல்லது 12 என்றால் ஆளை அடையாளம் தெரிகிறது, ஆனால் உள்ளே வர அனுமதி இல்லை, அல்லது அவர் இருக்கும் ஏதோ ஒரு குரூப்புக்கு யாரோ டினை, அதாவது மறுப்பு, போட்டிருக்கிறார்கள் (பத்து குரூப் அனுமதித்தாலும் ஒரு டினை போதும், அதுதான் ஜெயிக்கும்). 38, 40 என்று வந்தால் கதவைத் தாண்டியாகிவிட்டது, கேட்ட டேட்டாபேஸ்தான் திறக்கவில்லை. 40 பெரும்பாலும் அந்த லாகினுக்கு டீஃபால்ட்டாக வைத்திருந்த டேட்டாபேஸை யாராவது அழித்தபோதோ பெயர் மாற்றியபோதோ வரும். 6 வந்தால் சிரமமே இல்லை, டொமைன் பெயரையும் பாஸ்வேர்டையும் எஸ்க்யூஎல் லாகின் (சர்வரிலேயே உண்டாக்கிய தனி லாகின்) போலத் தட்டியிருக்கிறார்கள். கனெக்ஷன் ஸ்ட்ரிங்கில் (சர்வரோடு இணையும் விவரம் எழுதிய வரி) யூசர் ஐடி என்ற இடத்தில் டொமைன் பெயரை எழுதிவைக்கும் வெண்டர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

உங்கள் விஷயத்தில் 5 தான் இருக்கும் என்று நினைக்கிறேன். காரணம், குரூப்பில் சேர்த்தது காலையில் என்கிறீர்கள். அந்தப் பெண் அதற்கு முன்பே கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்திருப்பார். எந்தெந்த குரூப்பில் இருக்கிறார் என்ற பட்டியல் லாகின் ஆகும் நேரத்தில் எழுதப்பட்டு, டொமைன் கொடுக்கும் டிக்கெட் என்ற அடையாளச் சீட்டோடு சேர்ந்து வருகிறது, சர்வர் அதைத்தான் பார்க்கிறது. நடுவில் நீங்கள் ஆக்டிவ் டைரக்டரியில் சேர்த்தது அந்தப் பழைய டிக்கெட்டுக்குத் தெரியாது, டிக்கெட்டின் ஆயுளோ சாதாரணமாகப் பத்து மணி நேரம். ஸ்கிரீனை லாக் செய்து திறப்பதை நம்ப வேண்டாம், முழுதாக லாக்ஆஃப் செய்து மறுபடி வரச் சொல்லுங்கள். அப்புறம் அவருடைய கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஹூஆம்ஐ கட்டளையை ஸ்லாஷ் குரூப்ஸ் சேர்த்துக் கொடுத்தால் கணக்குப் பிரிவு குரூப் அதில் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம்.

சர்வர் பக்கத்திலிருந்து பார்க்க எக்ஸ்பி_லாகின்இன்ஃபோ என்ற புரொசீஜர் இருக்கிறது. டொமைனோடு அவர் பெயரையும், இரண்டாவதாக ஆல் என்ற சொல்லையும் கொடுத்தால் எந்த குரூப் வழியாக அவருக்கு அனுமதி கிடைக்கிறது என்று காட்டும். அதில் குரூப் தெரிந்து, ஆனால் ஆள் மட்டும் நுழைய முடியவில்லை என்றால் பழைய டிக்கெட் என்று ஏறத்தாழ முடிவுகட்டிவிடலாம். அதிலேயே குரூப் தெரியவில்லையா, நீங்கள் சேர்த்த குரூப்பையே ஒருமுறை திறந்து பாருங்கள். கணக்குப் பிரிவு என்ற பெயரில் மெயில் அனுப்புவதற்கென ஒரு டிஸ்ட்ரிபியூஷன் குரூப்பும், அனுமதிக்கென ஒரு செக்யூரிட்டி குரூப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். முதலாவதில் சேர்த்தால் மெயில் வரும், டேட்டாபேஸ் திறக்காது. உங்கள் கடிதத்தில் மெயில் வருகிறது என்று எழுதியிருந்ததால் சொல்கிறேன்.

எஸ்க்யூஎல் சர்வர் சர்வீஸை இதுவரை டீஃபால்ட் அக்கவுன்டில் ஓட்டினோம். ஆடிட்டில் சொன்னார்கள் என்று ஒரு டொமைன் அக்கவுன்டுக்கு மாற்றி ரீஸ்டார்ட் செய்தேன். சர்வீஸ் ஓடுகிறது, சர்வரிலேயே உட்கார்ந்தால் நுழைய முடிகிறது, மற்ற கம்ப்யூட்டர்களில் எஸ்எஸ்பிஐ கான்டெக்ஸ்ட் (விண்டோஸ் அடையாளச் சரிபார்ப்பு) உருவாக்க முடியவில்லை என்று வருகிறது. ஆனால் பெயருக்குப் பதில் ஐபி முகவரி கொடுத்தால் எல்லோருக்கும் வேலை செய்கிறது! எரர் லாகில் லாகின் தோல்வி எதுவும் இல்லை, சர்வீஸ் ஆரம்பித்தபோது எஸ்பிஎன் பதிய முடியவில்லை, 0x2098 என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது. ஐபியையே எல்லோருக்கும் கொடுத்துவிடலாமா? – வாசகர், ஓசூர்

லாகைப் பார்த்து எழுதிய ஒரே ஆள் நீங்கள்தான், அதனால் உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஐபி கொடுக்க வேண்டாம்.

ஒரு கம்ப்யூட்டர் உங்கள் சர்வரோடு கெர்பரோஸ் என்ற டிக்கெட் முறையில் பேச வேண்டுமானால் முதலில் ஆக்டிவ் டைரக்டரி ஓடும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரிடம் போய், இன்ன சர்வரில், 1433 போர்ட்டில் இருக்கும் எஸ்க்யூஎல் சேவைக்கு எனக்கு ஒரு டிக்கெட் கொடு என்று கேட்கிறது. அந்தச் சேவையின் பெயர்தான் எஸ்பிஎன். டொமைன் கன்ட்ரோலர் இந்த எஸ்பிஎன் எந்த அக்கவுன்டின் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்து, அந்த அக்கவுன்டின் சாவியால் டிக்கெட்டைப் பூட்டிக் கொடுக்கும். சர்வரிடம் அந்தச் சாவி இருந்தால் டிக்கெட் திறக்கும்.

டீஃபால்ட் அக்கவுன்டில் ஓடியபோது சர்வீஸ் தானாகவே எஸ்பிஎன்னை அந்த மெஷினின் கம்ப்யூட்டர் அக்கவுன்டில் பதிந்துகொண்டது. ஒழுங்காக நிறுத்தினால் அதுவே அழித்துவிட்டும் போகும், ஆனால் சர்வர் திடீரென்று அணைந்தாலோ யாராவது கையால் பதிந்து வைத்திருந்தாலோ பழைய பதிவு அப்படியே கிடக்கும். உங்கள் இடத்தில் அதுதான் நடந்திருக்கிறது. டிக்கெட் இன்னும் கம்ப்யூட்டர் அக்கவுன்டின் சாவியால் பூட்டப்பட்டு வருகிறது, உள்ளே இருப்பதோ புது டொமைன் அக்கவுன்ட், அதனிடம் வேறு சாவி. சாதாரண டொமைன் அக்கவுன்டுக்குத் தன் எஸ்பிஎன்னைத் தானே பதியும் உரிமை கிடையாது, நீங்கள் பார்த்த 0x2098 அதைத்தான் சொல்கிறது. அந்த இடத்தில் 0x21c7 என்றிருந்தால் ஏற்கெனவே வேறொரு அக்கவுன்டில் அதே எஸ்பிஎன் இருக்கிறது என்று பொருள்.

இதில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. எஸ்பிஎன் எங்குமே இல்லாவிட்டால் லாகின் வேலை செய்யும்! கெர்பரோஸ் கிடைக்கவில்லை என்று கம்ப்யூட்டர் பேசாமல் பழைய என்டிஎல்எம் முறைக்குப் போய்விடும். எஸ்பிஎன் தப்பான இடத்தில் இருந்தால்தான் டிக்கெட் கிடைத்து, அது திறக்காமல் போய், எல்லாம் நிற்கும். ஐபி கொடுத்தபோது நுழைந்ததற்கும் இதே காரணம்தான், ஐபி முகவரிக்கு எஸ்பிஎன் எதுவும் பதிவாகியிருக்காது, அதனால் என்டிஎல்எம் ஓடியது. பெயர் கொடுத்தால் நிற்கிறது, ஐபி கொடுத்தால் ஓடுகிறது என்றால் எஸ்பிஎன்னைச் சந்தேகப்பட வேண்டும், அந்த அளவுக்கு அது நல்ல சோதனை. அதைத் தீர்வாக வைத்துக்கொள்ளாதீர்கள், என்டிஎல்எம் பழசு, பலவீனமானது, அதை எடுத்துவிடும் திசையில்தான் விண்டோஸ் போய்க்கொண்டிருக்கிறது.

செய்ய வேண்டியது இது. டொமைன் அட்மினை உட்கார வைத்துக்கொண்டு செட்எஸ்பிஎன் கட்டளையை மைனஸ் க்யூ கொடுத்து ஓட்டி எஸ்பிஎன் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள், மைனஸ் டி கொடுத்துப் பழைய அக்கவுன்டிலிருந்து எடுங்கள், மைனஸ் எஸ் கொடுத்துப் புது அக்கவுன்டில் போடுங்கள். மைனஸ் எஸ் ஏன் என்றால் வேறெங்காவது இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுத்தான் பதியும். போர்ட்டோடு ஒன்று, போர்ட் இல்லாமல் ஒன்று, இரண்டும் முழு டொமைன் பெயரோடு பதியுங்கள். பிறகு ஒரு கம்ப்யூட்டரில் கேலிஸ்ட் பர்ஜ் கொடுத்துப் பழைய டிக்கெட்டுகளைத் தூக்கிப்போட்டுவிட்டு நுழைந்து, டிஎம்_எக்ஸெக்_கனெக்ஷன்ஸ் வியூவில் ஆத்_ஸ்கீம் என்ற பத்தியைப் பாருங்கள். கெர்பரோஸ் என்று இருக்க வேண்டும். இந்தச் சோதனையை வேறு கம்ப்யூட்டரிலிருந்து செய்யுங்கள், சர்வரிலேயே உட்கார்ந்து பார்த்தால் என்டிஎல்எம் என்றுதான் காட்டும், அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

இன்னொரு வார்த்தை. சாதாரண டொமைன் அக்கவுன்டுக்குப் பதில் ஜிஎம்எஸ்ஏ என்ற வகை அக்கவுன்டைக் கேட்டு வாங்குங்கள், அதன் பாஸ்வேர்டை ஆக்டிவ் டைரக்டரியே மாற்றிக்கொள்ளும், 30 நாளுக்கு ஒருமுறை. பாஸ்வேர்டு காலாவதியாகி ரீஸ்டார்ட் செய்த ராத்திரி சர்வீஸ் எழும்பாத கதை உங்களுக்கு வரவே வராது.

எங்கள் கிளை அலுவலகத்தில் மட்டும் சில நாள் டொமைன் லாகின் வேலை செய்யாது, பிறகு தானாகச் சரியாகிவிடும். எஸ்பிஎன் எல்லாம் பார்த்தாகிவிட்டது. – வாசகி, திருச்சி

கடிகாரத்தைப் பார்த்தீர்களா? கெர்பரோஸ் டிக்கெட்டோடு நேரமும் முத்திரை குத்தி வருகிறது, யாராவது நடுவில் பிடித்து வைத்துப் பிறகு காட்டி ஏமாற்றக் கூடாது என்பதற்காக. இரண்டு பக்கக் கடிகாரத்துக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏற்காது, ஆக்டிவ் டைரக்டரியில் டீஃபால்ட் அளவு அது.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இரண்டு நாள் எஸ்பிஎன்னையும் ஃபயர்வாலையும் துருவிக்கொண்டிருந்தோம். சாயங்காலம் தேநீர் கொண்டுவந்து வைத்த பையன் சர்வர் திரையின் மூலையைப் பார்த்துவிட்டு, சார் மணி 4.53 தானா, கீழே அஞ்சு ஆகிவிட்டதே என்றான். ஸ்னாப்ஷாட்டிலிருந்து (பழைய நிலையின் பிரதி) மீட்ட விர்ச்சுவல் மெஷின், ஏழு நிமிடம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பையனுக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

உங்கள் கிளை சர்வரில் டபிள்யூ32டிஎம் கட்டளையைக் க்வெரி, ஸ்டேட்டஸ் சேர்த்துக் கொடுங்கள், நேரத்தை யாரிடமிருந்து வாங்குகிறது என்று சொல்லும். டொமைன் கன்ட்ரோலரிடமிருந்து வாங்க வேண்டும். விர்ச்சுவல் மெஷினாக இருந்தால் அதை ஓட்டும் ஹோஸ்ட் கம்ப்யூட்டர் ஒரு பக்கம், டொமைன் ஒரு பக்கம் கடிகாரத்தை இழுக்கலாம். தானாகச் சரியாகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால்தான் எனக்கு இந்தச் சந்தேகம்.

ரிப்போர்ட் சர்வரிலிருந்து இன்னொரு சர்வரில் இருக்கும் டேட்டாபேஸுக்குப் போனால் லாகின் தோல்வி என்கிறது, பெயராக என்னுடைய பெயர் வராமல் அனானிமஸ் லாகான் என்று வருகிறது. யார் அது? – வாசகர், சிங்கப்பூர்

நீங்கள்தான், ஆனால் சர்வருக்கு அது தெரியவில்லை. உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து ரிப்போர்ட் சர்வர் வரை நீங்கள் நீங்களாகப் போகிறீர்கள். அங்கிருந்து அடுத்த சர்வருக்கு உங்கள் பெயரில் பேச ரிப்போர்ட் சர்வருக்கு அதிகாரம் இல்லை, அதனால் பெயரில்லாத ஆளாகப் போய் நிற்கிறது. டபுள் ஹாப் என்று இதைச் சொல்வோம். முதலில் இரண்டு தாவலும் கெர்பரோஸ்தானா என்று மேலே ஓசூர் வாசகருக்குச் சொன்ன மாதிரி பாருங்கள், ஒன்று என்டிஎல்எம் ஆக இருந்தாலும் அடையாளம் அங்கேயே நின்றுவிடும். அதற்கப்புறம் ரிப்போர்ட் சர்வர் ஓடும் அக்கவுன்டுக்கு டெலிகேஷன், அதாவது பிறர் பெயரில் பேசும் அதிகாரம், கொடுக்க வேண்டும். அங்கே எந்தச் சேவைக்கும் என்று ஒரு வட்டம் இருக்கும், குறிப்பிட்ட சேவைக்கு மட்டும் என்று ஒரு வட்டம் இருக்கும். முதலாவதைத் தொடவே தொடாதீர்கள், அந்தச் சர்வர் ஒருவன் கையில் போனால் அதில் நுழைந்த எல்லோர் பெயரிலும் அவன் எங்கும் போகலாம். இரண்டாவதைத் தேர்ந்து அந்த ஒரு எஸ்க்யூஎல் எஸ்பிஎன்னை மட்டும் சேருங்கள்.

எல்லோருக்கும் சரியாகி ஒரு பெரிய அதிகாரிக்கு மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அவர் அக்கவுன்டில் டெலிகேட் செய்யக் கூடாது என்ற டிக் இருக்கும், அல்லது கூடுதல் பாதுகாப்புக்கான புரொடெக்டட் யூசர்ஸ் குரூப்பில் இருப்பார். காரணத்தோடு போட்டிருப்பார்கள், எடுக்கச் சொல்லிச் சண்டை போடாதீர்கள்.

வேலையை விட்டுப் போன ஒருவரின் அக்கவுன்டை ஆக்டிவ் டைரக்டரியில் அழித்தோம். அன்று இரவே பேக்கப் ஜாப்கள் (சர்வர் தானாக ஓட்டும் வேலைகள்) நின்றுவிட்டன. இன்னொன்று, திருமணமாகி இனிஷியல் மாற்றிக்கொண்ட ஒருவருக்குப் புதுப் பெயரில் லாகின் உண்டாக்க வேண்டுமா? – வாசகர், மதுரை

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். எஸ்க்யூஎல் சர்வர் ஆளைப் பெயரால் அறிவதில்லை, எஸ்ஐடி என்ற எண்ணால் அறிகிறது. அந்த ஜாப்களுக்கு உரிமையாளராகப் போனவர் இருந்திருப்பார், ஓடுவதற்கு முன் இவர் யார் என்று டொமைனிடம் கேட்கும், அப்படி யாரும் இல்லை என்று பதில் வரும், 15404 என்று எழுதிவிட்டு ஜாப் நின்றுவிடும். ஜாப்களின் உரிமையாளரை எஸ்ஏ (சர்வரோடு வரும் அட்மின் லாகின்) என்று மாற்றுங்கள். எஸ்ஏ லாகின் முடக்கி வைத்திருந்தாலும் உரிமையாளராக இருக்கலாம், முடக்கியே இருக்கட்டும். டேட்டாபேஸ்களுக்கும் அவர் உரிமையாளராக இருக்கிறாரா என்று கூடவே பாருங்கள். இனிமேல் யார் போனாலும் முதலில் இதைப் பார்த்துவிட்டு அக்கவுன்டை அழிக்கச் சொல்லுங்கள்.

இனிஷியல் மாறியவருக்குப் புதிதாக எதுவும் வேண்டாம். ஆக்டிவ் டைரக்டரியில் பெயரை மாற்றினால் எஸ்ஐடி மாறாது, அவர் வழக்கம்போல் நுழைவார். சர்வரில் பழைய பெயர் தெரிவது உறுத்தினால் ஆல்டர் லாகின் கொடுத்துப் பெயரை மாற்றுங்கள். ஆனால் யாராவது அக்கவுன்டை அழித்துவிட்டு அதே பெயரில் புதிதாக உண்டாக்கியிருந்தால் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தாலும் சர்வருக்கு அவர் புது ஆள். பழைய லாகினை எடுத்துவிட்டு மறுபடி சேர்க்க வேண்டும்.

வீட்டிலிருந்து சொந்த லேப்டாப்பில் விபிஎன் வழியாக வேலை. 18452, நம்பகமில்லாத டொமைன் என்கிறது. – வாசகி, சென்னை

உங்கள் லேப்டாப் டொமைனில் இல்லை, அதனால் சர்வருக்கு உங்கள் வீட்டு யூசர் பெயர்தான் போகிறது. ரன்ஆஸ் கட்டளையில் ஸ்லாஷ் நெட்ஒன்லி சேர்த்து, டொமைன் பெயரைக் கொடுத்து மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவைத் திறங்கள். லாகின் பெட்டியில் அப்போதும் வீட்டுப் பெயர்தான் தெரியும், பதறாமல் கனெக்ட் அழுத்துங்கள், நெட்வொர்க்கில் போவது டொமைன் பெயர். பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தால் அந்த இடத்தில் சொல்லாது, கனெக்ட் ஆகும்போதுதான் தெரியும். ஆரம்பிக்கும் முன் உங்கள் ஐடி பிரிவு சொந்த லேப்டாப்பை அனுமதிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் கல்லூரியில் லினக்ஸில் போஸ்ட்கிரெஸ். மாணவர்கள் கல்லூரி அக்கவுன்டிலேயே நுழையட்டும் என்று யார் எப்படி நுழையலாம் என்று சொல்லும் பிஜி_எச்பிஏ கோப்பின் கடைசியில் எல்டேப் (கல்லூரி டைரக்டரியிடம் கேட்கும் முறை) வரியைச் சேர்த்தேன். பலனில்லை. எல்டேப் தேடல் தனியாகச் செய்தால் சரியாக வருகிறது. – பேராசிரியர், யாழ்ப்பாணம்

கடைசியில் சேர்த்தேன் என்கிறீர்களே, அதில்தான் விஷயம் இருக்கும். அந்தக் கோப்பை மேலிருந்து படித்து, முதலில் பொருந்தும் வரியோடு போஸ்ட்கிரெஸ் நின்றுவிடும். அந்த வரியில் தோற்றால் அடுத்ததை முயலவே முயலாது. மேலே எல்லோருக்கும் பாஸ்வேர்டு கேட்கும் பொது வரி ஒன்று இருக்கும், மாணவர் அதிலேயே மாட்டிக்கொள்கிறார். எல்டேப் வரியை அதற்கு மேலே ஏற்றிவிட்டு ரீலோடு செய்யுங்கள், ரீஸ்டார்ட் தேவையில்லை.

அடுத்தது, எல்டேப் பாஸ்வேர்டைச் சரிபார்க்க மட்டும்தான், ஆளை உண்டாக்காது. ஒவ்வொரு மாணவர் பெயரிலும் போஸ்ட்கிரெஸில் ரோல், அதாவது லாகின், முன்கூட்டியே இருக்க வேண்டும், அதே எழுத்துகளோடு. டைரக்டரி பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காது, போஸ்ட்கிரெஸ் பார்க்கும். வகுப்புப் பட்டியலை வைத்து ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். இந்த முறையில் மாணவரின் கல்லூரி பாஸ்வேர்டு அப்படியே போஸ்ட்கிரெஸுக்கு வந்து, அங்கிருந்து டைரக்டரிக்குப் போகிறது. எல்டேப்டிஎல்எஸ் என்பதை 1 என்று வைத்தால் போஸ்ட்கிரெஸுக்கும் டைரக்டரிக்கும் நடுவில் மட்டும்தான் மறைப்பு, மாணவரின் கம்ப்யூட்டரிலிருந்து போஸ்ட்கிரெஸ் வரை திறந்தே கிடக்கும். அதற்கு போஸ்ட்கிரெஸிலும் எஸ்எஸ்எல் என்ற மறைப்பை இயக்கி, அந்த வரியின் தொடக்கத்தில் ஹோஸ்ட் என்பதை ஹோஸ்ட்எஸ்எஸ்எல் என்று மாற்றுங்கள். அதே பாஸ்வேர்டில்தான் அந்தப் பிள்ளைகளின் மெயிலும் மதிப்பெண்ணும் இருக்கும்.